கூடத்துச் சாவி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்

தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பில் வசிக்கும் 29 வயது வாசகி எழுதியிருக்கிறார். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறார். கொரோனாவுக்குப் பிறகு குடியிருப்பில் பெரியவர்கள் பலர் வாசலோடு முடங்கிவிட்டதைப் பார்த்து, இவரும் இன்னும் பத்து இளைஞர்களும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சமூகநலக் கூடத்தில் 'தாத்தா பாட்டி தினம்' நடத்துகிறார்கள். மைக் செட், பழைய பாட்டு, குழந்தைகள் நடனம், சால்வை, கிளம்பும்போது பிரியாணிப் பொட்டலம். முதல் மாதம் 43 பேர் வந்தார்கள். நான்காவது மாதம் ஒன்பது பேர். அதிலும் நான்கு பேர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்கள். ஆளுக்கு ஐந்து பெரியவர் என்று பிரித்துக்கொண்டு தினமும் போனில் நலம் விசாரிக்கும் திட்டமும் இரண்டே வாரத்தில் நின்றுபோனது.

மூன்று பேரைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 71 வயதுக்காரர், தனியாக உட்கார்ந்து பேப்பர் படிப்பவர், அழைக்கப் போனபோது "நான் இன்னா அனாதையா? உங்க பிரியாணி எனக்கு எதுக்கு?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். கீழ்வீட்டு ஆயாவுக்கு 76 வயது, வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகன் பேசுவதே இல்லை என்று அழுகிறார். மூன்றாவது, வாசகியின் சொந்த ஆயா. "எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம், அதனால் அவருக்கு இந்தக் குறை இல்லை. காதுதான் கொஞ்சம் மந்தம், டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்" என்கிறார்.

ஆர்கெஸ்ட்ரா வைத்தால் கூட்டம் வருமா? கீழ்வீட்டு ஆயாவின் மகனிடம் நாங்கள் போய்ப் பேசலாமா? வசூலில் 18,000 ரூபாய் கையில் இருக்கிறது, சுற்றுலா கூட்டிப் போகலாமா? இவை அவருடைய கேள்விகள். "எவ்வளவு செய்தும் ஒரு நன்றி இல்லையே" என்ற வருத்தத்தோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். உங்கள் நிகழ்ச்சி நிரலை எடுத்து, அதில் பெரியவர்கள் செய்வதற்கென்று என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். உட்கார வேண்டும், கைதட்ட வேண்டும், சால்வைக்குத் தலைகுனிய வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். முதல் தடவை இது சந்தோஷமாகத்தான் இருக்கும். நாலாவது தடவை, 'நம்மைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாவமாக இருக்கிறது' என்பது மட்டும்தான் மனதில் தங்கும். துறைமுகக்காரர் அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சொல்லாமலே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இதை நன்றிகெட்டதனம் என்று நினைக்காதீர்கள்.

யாரை உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னீர்கள் என்பதையும் யோசியுங்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27-இல் உங்கள் பக்கத்துப் பெரம்பூரில்தான் தொடங்கியது. பின்னி ஆலை 1996-இல் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர்கள், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், துறைமுகச் சங்கத்தில் இருந்தவர்கள், காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்றவர்கள், இருபது வருஷம் ஒரு தகராறு இல்லாமல் சீட்டு பிடித்த அம்மாக்கள் எல்லாம் உங்கள் எட்டு பிளாக்கிலும் இருப்பார்கள். கூட்டம் கூட்டுவது, வசூல் செய்வது, கணக்கு காட்டுவது, முரண்டு பிடிப்பவரைச் சமாதானம் செய்வது இவையெல்லாம் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த வேலையை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டுத்தான் நீங்கள் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள்.

இரண்டாவது சங்கதி, கிழமை. ஞாயிறு மாலை நான்கு மணி உங்களுக்குத் தோதான நேரம். பெரியவர்களுக்கு வாரத்திலேயே வீடு நிறைந்திருக்கும் நாள் அதுதான். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், கறிச்சோறு சாப்பிட்டு ஐந்து மணிவரை தூங்குவார்கள், சிலர் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவார்கள். வெறிச்சென்று இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு வரும் பத்தரை மணி முதல் மதியச் சாப்பாடு வரை. அந்த நேரத்தில் நீங்கள் பதினொரு பேரும் வேலையில் இருப்பீர்கள். ஆகவே நீங்கள் இல்லாமலே நடக்கிற ஏற்பாடாக இருந்தால்தான் அது அவர்களுக்குப் பயன்படும். அதைப் பெரியவர்களே நடத்துவதுதான் ஒரே வழி.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. முதியோர் தனிமையைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய முப்பது ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பலன் தந்தவையாகத் தேறிய பத்தில் ஒன்பது, ஏதாவது கற்றுக்கொள்ளும் அல்லது ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழுக்கள். பலன் தராத எட்டில் ஆறு, ஒருவர் இன்னொருவரைத் தனியாகப் பார்த்து ஆறுதலோ ஆலோசனையோ சொல்லும் ஏற்பாடுகள். 2011-இல் வந்த இன்னொரு தொகுப்பு, பெரியவர்கள் பார்வையாளர்களாக இல்லாமல் பங்கெடுப்பவர்களாக இருந்த முயற்சிகளே கூடுதலாகப் பலித்தன என்றது. உங்கள் போன் திட்டம் நின்றதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்ற கேள்விக்கு மூன்றாவது நாளுக்கு மேல் இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இருக்காது.

தனியாக இருப்பவர்கள், தனிமையில் இருப்பவர்கள்

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வில் இருப்பதாகவும், முதியோரில் மூன்றில் ஒருவர் வரை ஆள்தொடர்பு அறுந்த நிலையில் இருப்பதாகவும் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பார்க்க வருகிறவர்கள் குறைவது ஒன்று. நான்கு பேர் நடுவில் இருந்தும் 'என்னைக் கேட்பாரில்லை' என்று தோன்றுவது இன்னொன்று.

துறைமுகக்காரர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்து அவரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அவருக்கு அது பிடித்தும் இருக்கலாம். உங்கள் ஆயாவைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. எனக்குக் கவலை தருவது உங்கள் ஆயாதான். ஆறு பேர் இருக்கிற வீட்டில் பேசுவது காதில் விழாவிட்டால், சிரிப்பு எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டு, "ஒண்ணுமில்ல ஆயா" என்ற பதில் வந்தால் மூன்றாவது தடவை கேட்க மாட்டார். டிவி சத்தம் பெருகுவது இப்படித்தான். ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பல பேருக்குக் குரும்பி அடைத்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கும், எடுத்துவிட்டால் அந்த அளவுக்குக் காது தெளியும். வீட்டில் பட்ஸ் போட்டால் அது இன்னும் உள்ளே போகும். எண்ணெயும் ஊற்றாதீர்கள். காது கேட்கும் கருவி கொடுத்தால், முதல் நாளே நாள் முழுக்க மாட்டாமல், சத்தமில்லாத அறையில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி நேரத்தைக் கூட்டுங்கள். ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் திடீரென்று பெரிதாகக் கேட்பதால்தான் பலர் பயந்து கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பேசும்போது டிவியை நிறுத்துங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி மூன்று நான்கு அடி தூரத்தில் எதிரே உட்கார்ந்து, கத்தாமல் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் சிதைந்துதான் கேட்கும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களில் காது கேட்கும் திறன் குறைவதும் ஆள்தொடர்பின்மையும் இருக்கின்றன.

யாருக்குத் தனிமை என்று கண்டுபிடிக்க, உலகம் முழுக்கப் பயன்படும் மூன்று கேள்விகள் உண்டு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று தோன்றுகிறதா, நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து விலகிப் போய்விட்டதாகத் தோன்றுகிறதா? அரிதாக என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் தாளும் பேனாவுமாக வாசலில் போய் நின்றால் நம் ஆட்கள் "எனக்கு இன்னா குறை, ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். குறை என்று சொன்னால் பிள்ளைகளைக் குற்றம் சொன்னதாகிவிடும். சம வயதுக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டால் பதில் வேறாக வரும்.

முதல் ஆறு பேர்

பேனர், வாட்ஸ்அப் அறிவிப்பு எதுவும் வேண்டாம். மற்றவர்கள் எதற்கெடுத்தாலும் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று விசாரித்து ஆறு பேரைக் கண்டுபிடியுங்கள். வெவ்வேறு பிளாக்கிலிருந்து இருக்கட்டும், மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒரே கட்சிக்காரர்களாகவோ, ஒரே கோயில் அல்லது சர்ச் ஆட்களாகவோ இருந்துவிட்டால் மீதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வட்டச் செயலாளர் பெயரில் நாற்காலி வந்தாலும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

துறைமுகக்காரரிடம் மறுபடியும் போங்கள், ஆனால் வா என்று கூப்பிடாதீர்கள். "நாங்க நாலு மாசமா நடத்திப் பார்த்தோம், படுத்துடுச்சு. எங்க தப்பு இன்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். இது நாடகமாக இருந்தால் அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும். அவர் சொல்வதில் ஒன்றையாவது அடுத்த வாரமே செய்ய வேண்டும். அப்போதும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

இந்த ஆறு பேர் உட்காரும் முதல் கூட்டத்தில் உங்கள் தரப்பில் இரண்டு பேர் போதும், அதுவும் பின்வரிசையில். எந்தக் கிழமை, எங்கே, காசு எப்படி, யார் சாவி வைத்திருப்பது, குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது இந்த ஐந்தையும் அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் யோகா நினைத்திருப்பீர்கள், அவர்கள் கேரம் போர்டு கேட்பார்கள். உலக கேரம் சாம்பியன் பட்டத்தை 2024-இல் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா வென்றுவந்த ஊர் இது, கேரமே நடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: கேரம் மட்டும் இருந்தால் அது ஆண்கள் கூடமாகிவிடும், பெண்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை பெண்களுக்கென்று தனியாக ஒதுக்குவதா, ஒரே நேரத்தில் இரண்டு மூலையில் நடத்துவதா என்பதைப் பெண்களிடமே விடுங்கள்.

விளையாட்டு ஆட்களை வரவைக்கும். தொடர்ந்து வரவைப்பது பொறுப்புதான். உங்கள் பகுதிக்கு ஏற்றது மழைக்கால ஏற்பாடு. அக்டோபர் பிறப்பதற்குள் மாடிப்படிக்கு ஒருவர் என்று பெரியவர்கள் பொறுப்பெடுத்து ஒரு நோட்டுப் போடலாம்: எந்தக் கீழ்வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும், யாருக்கு இன்சுலின், யாருக்குப் படி ஏற முடியாது, முதல் மாடியில் யார் வீட்டில் ஒரு இரவு தங்கலாம். எந்தக் கால்வாய் எங்கே அடைக்கும் என்று நாற்பது வருஷமாகப் பார்த்தவர்கள் அவர்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துவைப்பதும், பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் மனு கொடுப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். ஐ.சி.எஃப். பெரியவர் ஒருவர் அதை போனில் செய்யக் கற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார். உங்கள் பையன்களில் ஒருவர் அந்த முதல் ஆளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும்.

இடம்

சமூகநலக் கூடம் பெரிது என்பதாலேயே தோதில்லை. மைக் சத்தம் சுவரில் மோதி எதிரொலித்தால் காது மந்தமானவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. இருபது பேருக்கு ஒரு சின்ன அறையோ மர நிழலோ போதும், மைக்கே தேவையில்லை. முதலில் கழிவறையைப் பாருங்கள். பல பேர் வராததற்குச் சொல்லாத காரணம் இதுதான். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போட்டவர்கள் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். தரை ஈரமில்லாமல், பிடித்து எழக் கம்பியோடு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாற்காலிக்குக் கைப்பிடி அவசியம், உட்காரும் உயரம் 17, 18 அங்குலம். கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். டீயைச் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து, சர்க்கரையைத் தனியாக வையுங்கள்.

வந்தவர்களிடம் வாரம் பத்து ரூபாய் வசூல் செய்வார்கள் என்றால் தடுக்காதீர்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் வாழ்பவரிடம் காசா என்று உங்களுக்குத் தோன்றும். காசு போட்டவருக்குத்தான் "டீ தண்ணியா இருக்கு" என்று சொல்லும் உரிமை வரும். முடியாதவர்களுக்கு விலக்கு யார் காதிலும் விழாமல் கிடைக்கும்படி அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கே கெடும்

பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில். ஒருவரே தலைவராகிவிடுவார், மற்றவர்கள் மறுபடியும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். கூட்டம் நடத்துபவரை மாதாமாதம் மாற்றுவது என்று முதல் நாளே நோட்டில் எழுதிவிட்டால் பிறகு யாரையும் இறக்க வேண்டியதில்லை. காசு ஒருவரிடமும் கணக்கு நோட்டு இன்னொருவரிடமும் இருக்கட்டும். சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்தான், ஆனாலும் ஒரு வருஷம் ஓடட்டும். பதிவு செய்த அன்றே பதவிச் சண்டை பிறக்கும்.

கெடுப்பதில் இளைஞர்களுக்கும் பங்கு உண்டு. டீ பத்து நிமிஷம் தாமதமானால் நீங்கள் ஓடிப்போய் எடுத்து ஊற்றுவீர்கள். தாமதமாகட்டும், விடுங்கள்.

தனியாக வசிப்பவர்களின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்குப் போனால் இரண்டு பேராகப் போங்கள். ஏ.டி.எம். அட்டை, ரகசிய எண், கையெழுத்து இவற்றை எந்தத் தன்னார்வலரும் தொடக்கூடாது. பணம் மோசடி போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும். போட்டோவுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

குழுவில் ஒருவர் இறப்பதும் நடக்கும். பல குழுக்கள் அதோடு கலைந்துபோகின்றன, காலியான நாற்காலியைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். சாவு வீட்டுக்கு யார் போவது, பதினாறாம் நாள் முடிந்ததும் துணையை இழந்தவரை யார் போய் அழைத்துவருவது என்று முன்பே பேசிவைத்திருந்தால் குழு தாங்கும்.

இன்னொன்றை அவர்கள் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், எதிலும் பிடிப்பு குறைந்திருந்தால் அது வெறும் தனிமையில்லை, மனச்சோர்வாக இருக்கலாம். கேரமும் டீயும் அதற்கு மருந்தாகாது. ஸ்டான்லியின் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். "போய்ச் சேந்தா போதும்" என்பதை வயதானவர் பேச்சு என்று தள்ளாமல், "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாமல், உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள்.

கீழ்வீட்டு ஆயா

மகனிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம். நீங்கள் பேசிவிட்டு வந்த பிறகு கதவுக்கு உள்ளே நடப்பதை அவர்தான் தாங்க வேண்டும். ஆயாவிடம் தனியாக, "நீங்க இன்னா நடக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். 'வீட்டைத் திரும்ப வாங்கணும்' என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். 'ராத்திரி ஒரு வாய் சோறு என் கூட உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும்' என்ற பதிலும் வரலாம். அதற்குச் சட்டத்தில் வழியில்லை, குழுவில் அவர் வயதுக்காரர் ஒருவர் மகனைத் தெரிந்தவராக இருந்தால் அவர் சொல்லிப் பார்க்கலாம்.

சாப்பாடு, மருந்து மறுக்கப்படுகிறது, அடி விழுகிறது, வெளியே போகச் சொல்கிறார்கள் என்றால் கதை வேறு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆயாவே கொடுக்கலாம், அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ அமைப்போ கொடுக்கலாம். பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, சொத்தை வாங்கிக்கொண்டவர் பார்க்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே வழக்கின் பலம் இருக்கும். வாரிய வீடு என்பதால் அது கிரயமா, தானமா, வெறும் ஒதுக்கீட்டுப் பெயர் மாற்றமா என்றும் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவி எண் 14567. ஆயாவின் சம்மதமில்லாமல் இந்த எண்களில் ஒன்றைக்கூட அழுத்தாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்த 18,000 ரூபாய். பெரியவர்கள் பேரைச் சொல்லி வசூலித்த பணம். கணக்கோடு அந்த ஆறு பேர் முன்னால் வைத்துவிடுங்கள். சுற்றுலா என்று அவர்கள் முடிவெடுத்தால் வேன் பிடிக்க வேண்டியதில்லை. மாநகரப் பேருந்தில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு, பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் எப்படியும் டிக்கெட் இல்லை. உங்கள் யோசனையையும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: மாடிப்படியில் சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடிக் குழாய். ஒன்றரை அங்குலத் தடிமன், படியிலிருந்து 34 முதல் 36 அங்குல உயரம், கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி நீண்டிருக்க வேண்டும். வாரிய அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, மூன்றாம் மாடியில் பெரியவர்கள் அதிகம் இருக்கிற பிளாக்கில் முதலில் அடியுங்கள்.